சொந்தக் கையால் ஒரு மர இழைப்புளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் என் வீட்டுப் பின்கட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் வந்து மரவேலை பழகுகிறார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்டு முடித்துவிட்டு நேரே வரும் தம்பி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பட்டர்வொர்த்தில் இருந்து ஃபெரி ஏறி வரும் அப்பாவும் மகளும். இழைப்புளி என்றதும் எல்லோரும் ஒரே மாதிரி கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேட்கிறவர்கள் கேட்கிற வரிசையிலேயே இருக்கட்டும்.

கடையில் கிடைக்கும்போது ஏன் சொந்தமாகச் செய்ய வேண்டும்?

கடையில் மலிவாகக் கிடைக்கும் இரும்பு இழைப்புளியை வாங்கினால் அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்து, பிளேடைத் தீட்டி, வாயை, அதாவது பிளேடு எட்டிப் பார்க்கும் அடிப்பக்கத் திறப்பைச் சரிசெய்து வேலைக்குக் கொண்டுவரவே இரண்டு வாரக் கடைசி போய்விடும். அந்த நேரத்தில் மரத்தில் ஒன்றைச் செய்து முடிக்கலாம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. செய்து பார்த்தவருக்குத்தான் இழைப்புளி எப்படி வேலை செய்கிறது என்பது கையில் ஏறும். பிளேடு ஏன் அதிர்கிறது, சீவல் ஏன் அடைக்கிறது, மரம் ஏன் பிய்கிறது, இதெல்லாம் பிறகு புத்தகத்தில் தேட வேண்டிய விஷயங்களாக இருக்காது. பெயரே சொல்கிறது பாருங்கள், இழைக்கும் உளி. ஒரு உளியை எப்போதும் ஒரே கோணத்தில், ஒரே ஆழத்தில் பிடித்து வைத்திருக்கும் கட்டை, அவ்வளவுதான். அந்தக் கட்டை உங்கள் கை அளவுக்கு இருந்தால் நல்லது.

கரண்டு இழைப்புளி இருக்கிறதே?

இருக்கிறது, வேகமும் அதிகம். ஆனால் அடுக்குமாடி வீட்டில் இரவு எட்டு மணிக்கு அதைப் போட முடியாது, தூசும் வீடு முழுக்கப் பறக்கும். கை இழைப்புளியில் தூசு கிடையாது, சீவல்தான். பெருக்கி எடுத்தால் முடிந்தது.

ஒரே கட்டையில் குடைய வேண்டுமா, ஒட்டிச் செய்யலாமா?

முதல் தடவை செய்பவர் ஒட்டியே செய்யுங்கள். பழைய முறையில் முழுக் கட்டையில் மேலிருந்து குடைந்து இறங்குவார்கள். உள்ளே பிளேடு சாயும் சரிவு கண்ணாடி மாதிரி சமமாக இருக்க வேண்டும், அதை இருட்டுப் பொந்துக்குள் உளியை விட்டுச் செய்வது பல வருடக் கைப்பழக்கம் கேட்கும் வேலை. ஒட்டும் முறையில் நடுக்கட்டையைத் தனியாக எடுத்து, சரிவை வெளியிலேயே அறுத்து இழைத்துச் சரிபார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் கன்னப் பலகையை ஒட்டி மூடிவிடுகிறோம். இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜேம்ஸ் கிரெனாவ், 1920இல் சைபீரியாவில் பிறந்து 2009இல் மறைந்த மரவேலைக் கலைஞர். 1981 முதல் கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் பிராக்கில் மாணவர்களுக்கு மரவேலை கற்றுக்கொடுத்தார். அதனால் இப்படி ஒட்டிச் செய்யும் இழைப்புளியை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

எந்த மரம்?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக் குறிப்புகளில் பீச், மேப்பிள் என்று போட்டிருப்பார்கள், அதைத் தேடி இங்கே அலைய வேண்டியதில்லை.

செங்கால் மரம் கனமானது, கெட்டியானது, தேயாது. 250 மி.மீ. நீளம், 65 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரக் கட்டை என்றால் கட்டை மட்டுமே முக்கால் கிலோ வரும். அந்தக் கனம் இழைக்கும்போது உதவி செய்யும், ஆனால் உளியும் ரம்பமும் சீக்கிரம் மழுங்கும். மெர்பாவ் இன்னும் சுலபமாகக் கிடைக்கிறது, நிறமும் அழகு. ஆனால் அதில் இருக்கும் துவர்ப்புச் சத்து ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் கறுப்புக் கறை போடும். வியர்வைக் கையோடு வேலை செய்துவிட்டு அப்படியே வைத்தால் மறுநாள் பிளேடு தொட்ட இடத்தில் மை கொட்டினது போல இருக்கும். வேலை கெடாது, பார்க்கத்தான் வருத்தமாக இருக்கும். ரப்பர் மரம் இழைக்கச் சுகமானது, மலிவானது, ஆனால் மருந்து ஏற்றாத ரப்பர் பலகையைப் பூச்சி துளைத்துவிடும், நீலக் கறையும் பிடிக்கும். மருந்தேற்றிக் காய வைத்த பலகையாகக் கேட்டு வாங்குங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்கு முன் தின்னரால் துடைக்காவிட்டால் ஒட்டு விட்டுவிடும்.

எனக்குப் பிடித்தது அங்சானா. சாலையோரத்தில் நிழலுக்கு நட்ட மரம்தான், மஞ்சள் பூ உதிர்ந்து காரையே மூடிவிடுமே, அது. நம் ஊர் வேங்கையின் நெருங்கிய உறவு, இரண்டும் ஒரே பேரினம். காய்ந்த பிறகு அதிகம் ஆடாது, கோணாது. இழைப்புளிக்கு அதைவிட நல்ல குணம் வேறு வேண்டாம். கிளை முறித்தோ மரம் சாய்த்தோ ஏற்றிப் போவதைப் பார்த்தால் கேட்டுப் பாருங்கள், ஒரு துண்டு போதும்.

பழைய கடைவீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் உத்தரத் துண்டும் அருமையான பொருள். ஆணி இருக்கும், காந்தத்தை வைத்து ஒவ்வொரு அங்குலமாகத் தடவிவிட்டுத்தான் ரம்பம் வைக்க வேண்டும்.

மரம் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

சமையலறைத் தராசு போதும். கட்டையை எடை போட்டு அதன் மேலேயே பென்சிலால் தேதியோடு எழுதுங்கள். வாரம் ஒரு தடவை போடுங்கள். மூன்று நாலு வாரம் எடை மாறவில்லை என்றால் உங்கள் வீட்டுக் காற்றோடு அது சமாதானம் ஆகிவிட்டது. பினாங்குக் காற்றில் ஈரப்பதம் சாதாரணமாக 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும், அந்தக் காற்றில் மரம் சுமார் 16 சதவீத ஈரத்தோடு நிலைக்கும். ஏர்கான் அறையில் காற்று 55 சதவீதம் என்றால் அதே மரம் 10 சதவீதத்துக்கு இறங்கும். இந்த வித்தியாசம்தான் எல்லாக் கோணலுக்கும் காரணம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் இழைப்புளியைக் கடையில் வாங்கிய அன்றைக்கே அறுத்து, மறுநாள் ஒட்டி, அந்த வாரமே ஆசை தீர இழைத்தேன். இரண்டு மாதத்தில் அடிப்பக்கம் படகு மாதிரி வளைந்துவிட்டது, நேர்விளிம்பு வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்ததில் வாய் பெரிதாகிப் போய், கடைசியில் அதை முரட்டு வேலைக்கு ஒதுக்கிவிட்டேன். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்று பாட்டி சொன்னது சோற்றுக்கு மட்டும் இல்லை. அந்தக் கட்டையை ஒரு மாதம் அலமாரி மேல் போட்டு வைத்திருந்தால் போதும்.

பிளேடு எங்கே கிடைக்கும்? என்ன அளவு?

இரும்புக்கடையில் கெத்தாம் என்று கேளுங்கள், மலாயில் இழைப்புளிக்கு அதுதான் பெயர், நண்டுக்கும் அதுதான். உதிரி பிளேடு வைத்திருப்பார்கள். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய சீன இழைப்புளிகள் வரும், கட்டை உளுத்துப் போயிருந்தாலும் பிளேடு நல்லதாக இருந்தால் வாங்கிவிடுங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முனையை ஒட்டி ஆழமான துருக்குழி இருந்தால் விட்டுவிட வேண்டும், அந்தக் குழி ஒவ்வொன்றும் விளிம்புக்கு வரும்போது ஒரு பல்லாக மாறும்.

44 மி.மீ. அகலம் கைக்கு அடக்கமானது. கனம் 3 மி.மீ. இருந்தால் அதிராது. சாதாரண இரும்பு இழைப்புளி பிளேடு 2 மி.மீ. தான் இருக்கும், அதுவும் ஆகும், மேல்தகட்டோடு (பிளேடின் மேல் திருகி வைக்கும், சீவலை மடிக்கும் தகடு) போட்டால். நீளம் 100 மி.மீ. போதும், அதற்கு மேல் இருந்தால் கைக்கு இடிக்கும்.

என்னென்ன கருவி வேண்டும்?

நல்ல இழுப்பு ரம்பம், மூலைமட்டம், ஒரு அங்குல உளி, துளை போட டிரில், கொட்டாப்புளி, ஆறு கிளாம்ப், வெள்ளை மரப்பசை, கண்ணாடித் துண்டு அல்லது சமையலறை மேடைக்குப் போட்டு மிஞ்சின கிரானைட், உப்புத்தாள். கன்னப் பலகையை ஒரே கட்டையில் இருந்து பிளந்தெடுக்கப் பெரிய ரம்ப மிஷின் வேண்டும், அது இல்லாதவர்கள் பலகைக் கடையிலேயே பிளந்து தரச் சொல்லலாம். எப்படியானாலும் நடுக்கட்டையும் கன்னமும் ஒரே பலகையில் இருந்து வந்தால் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்கும்.

பிளேடு சாயும் கோணம் 45 டிகிரியா?

மென்மையான மரத்துக்கு 45 சரி. நாம் இங்கே இழைப்பது மெரந்தி, மெர்பாவ், செங்கால். இதிலெல்லாம் ரேகை, அதாவது மர நார் ஓடும் திசை, பின்னிக்கொண்டு போகும், ஒரு விரல் அகலம் இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்த விரல் அகலம் எதிர்ப்பக்கம் சாயும். எந்தப் பக்கம் இழைத்தாலும் பாதி எதிர் ரேகைதான், பிய்ந்து வரும். அதனால் 50 டிகிரி வையுங்கள். தள்ள இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும், ஆனால் மேல்பரப்பு சுத்தமாக வரும். கோணமானி தேவையில்லை. காகிதத்தில் படுக்கையாக 10 செ.மீ., செங்குத்தாக 12 செ.மீ. கோடு போட்டு இரண்டு முனையையும் இணையுங்கள், அந்தச் சாய்வுதான் 50.

சரி, செய்யும் வரிசை என்ன?

நடுக்கட்டையின் அகலம் பிளேடு அகலத்தைவிட 2 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும், பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர், பிளேடை லேசாகத் திருப்பிச் சரிசெய்ய அந்த இடம் தேவை. கன்னம் 10 மி.மீ. கனம். ரேகையைப் பாருங்கள். கட்டையின் பக்கவாட்டில் ரேகை முன்னாலிருந்து பின்னோக்கிக் கீழே இறங்க வேண்டும், பூனையை முன்னிருந்து பின்னாகத் தடவுவது போல அடிப்பக்கம் வேலையின் மேல் வழுக்கிப் போகும். திருப்பி வைத்தால் நார் எழும்பும்.

நடுக்கட்டையில் பின்துண்டை 50 டிகிரியில் அறுக்கிறோம், அதுதான் பிளேடு படுக்கும் சரிவு. முன்துண்டை 60 டிகிரியில் எதிர்ப்பக்கம் சாய்வாக அறுக்கிறோம், சீவல் மேலே ஏறிவர வழி. பின்துண்டின் சரிவை மூலைமட்டம் வைத்துக் குறுக்காகவும் நெடுக்காகவும் பாருங்கள். குறுக்கே கோணலாக இருந்தால் பிளேடு எப்போதும் ஒரு மூலையில் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். இந்த ஒரு பரப்புக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். மேல்தகடு போடுவதாக இருந்தால் அதன் திருகுத் தலை உட்கார சரிவின் நடுவில் ஒரு வாய்க்காலும் இப்போதே வெட்டிவிடுங்கள், ஒட்டின பிறகு உளி உள்ளே போகாது.

அடுத்தது பிளேடை வைத்து நான்கு துண்டையும் சும்மா சேர்த்துப் பிடித்து, பிளேடின் கூர் அடிப்பக்கத்துக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே முன்துண்டில் முட்டும்படி நிறுத்துங்கள். இப்போது வாய் மூடியிருக்க வேண்டும். வாயைத் திறப்பது கடைசி வேலை.

அப்புறம் குறுக்குக் கட்டை. இரண்டு கன்னத்தையும் இணைத்துக் குறுக்கே நிற்கும் 12 மி.மீ. சதுரக் கட்டை அது, இரண்டு முனையும் உருளையாகச் செதுக்கிக் கன்னத்துத் துளையில் சுழல வேண்டும். சுழன்றால்தான் பிளேடை இறுக்கும் ஆப்பு எந்தச் சாய்வில் வந்தாலும் அது திரும்பி முழுப் பரப்போடு அழுத்தும். அடிப்பக்கத்தில் இருந்து 30 மி.மீ. உயரத்தில், சரிவுக்கும் அதற்கும் நடுவில் பிளேடும் மேல்தகடும் சேர்ந்த கனத்தோடு 6 மி.மீ. சேர்த்த இடைவெளி விட்டு வையுங்கள். அந்த 6 மி.மீ. ஆப்புக்கு.

ஒட்டும்போது துண்டுகள் வழுக்குகின்றன. என்ன செய்வது?

பசை போட்டதும் எல்லாம் வழுக்கும், எல்லோருக்கும். அதனால்தான் கட்டையை முன்னும் பின்னும் 15 மி.மீ. கூடுதல் நீளமாக வைத்துக்கொள்கிறோம். பசை போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சரியாகப் பிடித்து, அந்தக் கூடுதல் பகுதியில் கன்னம் வழியாக நாலு மூலையிலும் சிறு துளை போட்டு மரக்குச்சி அடித்துவிடுங்கள். அப்புறம் பிரித்து, பசை தடவி, குச்சியை அடித்தால் துண்டுகள் தானே தங்கள் இடத்துக்கு வந்து நிற்கும். குறுக்குக் கட்டையை உள்ளே வைக்க மறந்துவிடாதீர்கள், அதன் முனையில் பசை படவும் கூடாது. கடைசியில் அந்தக் கூடுதல் நீளத்தைக் குச்சியோடு அறுத்துத் தள்ளிவிடலாம். ஒரு இரவு முழுக்கக் கிளாம்ப்பில் இருக்கட்டும், மழைக்காலம் என்றால் இன்னொரு நாளும்.

வாய் எவ்வளவு திறக்க வேண்டும்?

வழவழப்பாக இழைக்க 0.3 முதல் 0.5 மி.மீ. முரட்டு வேலைக்கு 1 மி.மீ.க்கு மேல் இருக்கலாம்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். பிளேடு 50 டிகிரி, முன்சரிவு 60 டிகிரி என்றால் அடிப்பக்கத்தில் 1 மி.மீ. குறைத்தால் வாய் 1.4 மி.மீ. அகலமாகும். அதாவது கூர் எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகு கால் மில்லிமீட்டர் தேய்த்தாலே போதுமான வாய் வந்துவிடும். உப்புத்தாளில் பத்துத் தடவை இழுத்துவிட்டு, பிளேடை வைத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து, மறுபடியும் பத்துத் தடவை.

தேய்க்கும்போது பிளேடும் ஆப்பும் உள்ளே இறுக்கியபடி இருக்க வேண்டும், கூர் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே இழுத்துக்கொண்டு. ஆப்பு இறுகினால் கட்டை லேசாக வளையும், வேலை செய்யும் நிலையில்தான் அது சமமாக இருக்க வேண்டும். அடியில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுத் தேய்த்தால் எங்கே படவில்லை என்று தெரியும். முன்முனை, வாய்க்கு உடனே முன்னால் உள்ள பட்டை, பின்முனை, இந்த மூன்றும் கண்ணாடியைத் தொட்டால் போதும். வாய்க்கு முன்னால் உள்ள பட்டைதான் உயிர். பிளேடு தூக்கும் நாரை அமுக்கிப் பிடிப்பது அதுதான், அந்த இடம் பள்ளமாக இருந்தால் எவ்வளவு சின்ன வாயும் பிரயோஜனமில்லை.

ஆப்பு அடித்தால் கன்னம் விரிசல் விடுகிறதே?

பலமாக அடிக்கிறீர்கள். 8 டிகிரி சரிவுள்ள ஆப்பு, சின்னச் சுத்தியலில் இரண்டு தட்டு, அவ்வளவு போதும். அதற்குப் பிறகும் பிளேடு நழுவினால் தப்பு ஆப்பின் பரப்பில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், பளபளப்பாக ஒரு புள்ளி மட்டும் தெரியும், அங்கே மட்டும்தான் தொடுகிறது. அந்தப் புள்ளியைச் சீவிவிட்டு மறுபடி வையுங்கள். பளபளப்பு முழு அகலத்துக்கும் வரும் வரை.

ஆழம் கூட்டுவதும் குறைப்பதும் எப்படி?

பிளேடின் மேல்முனையில் லேசாகத் தட்டினால் இறங்கும். கட்டையின் பின்முனையில் தட்டினால் பிளேடு பின்வாங்கும், ஆப்பும் கொஞ்சம் தளரும், அதனால் மறுபடி ஆப்பில் ஒரு தட்டு. ஒரு மூலை நீட்டினால் பிளேடின் மேல்பக்க விளிம்பில் பக்கவாட்டாகத் தட்டுங்கள். கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது நல்லது. இறுகின ஆப்பின் சத்தம் கணீரென்று இருக்கும், தளர்ந்தது பொத்தென்று இருக்கும்.

சரியாக வந்திருக்கிறது என்பதற்கு என்ன அடையாளம்?

முதல் சீவல். ஆசிரியை அம்மா தன்னுடையதைச் செய்து முடித்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். மூன்று தடவை தள்ளியும் தூள்தான் வந்தது. பிளேடை ஒரே ஒரு தட்டு தட்டினார். நாலாவது தடவை சர்ரென்று ஒரு சத்தம், புதுப் பட்டுப்புடவையை மடிப்புப் பிரிக்கிற மாதிரி, வாயிலிருந்து அங்சானாச் சீவல் சுருண்டு எழும்பி அவர் மணிக்கட்டைத் தொட்டு விழுந்தது. அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எதிர்வீட்டுக் கம்பிக் கதவு அதன் வழியாகத் தெரிந்தது. அன்றைக்கு மதியம் வரை அவர் இழைத்துக்கொண்டே இருந்தார், இழைக்க வேண்டிய பலகை முடிந்தும்.

சீவல் முழு அகலத்துக்கும், அறுபடாமல், பலகையின் நீளத்துக்கே வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பிளேடு சாய்ந்திருக்கிறது. மடிந்து மடிந்து வாயில் அடைத்தால் முன்சரிவு சொரசொரப்பாக இருக்கிறது, அல்லது மேல்தகட்டுக்கும் பிளேடுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, சீவல் அதற்குள் நுழைகிறது.

மேல்தகடு அவசியமா?

50 டிகிரியில் கனமான பிளேடு என்றால் இல்லாமலும் ஓடும். பின்னல் ரேகைக்கு நல்ல உதவி. கூரில் இருந்து 0.2 மி.மீ. தள்ளி, மயிரிழை மாதிரி வைத்தால் சீவலை உடனே மடித்துவிடும், நார் பிய்வதற்குள்.

தள்ள வேண்டுமா, இழுக்க வேண்டுமா?

ஜப்பானியர்கள் இழுப்பார்கள். இங்குள்ள சீனத் தச்சர்களுடைய இழைப்புளியில் குறுக்கே ஒரு கம்பு செருகியிருக்கும், இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தள்ளுவார்கள். இந்தச் சின்னக் கட்டை இரண்டுக்கும் ஒத்துவரும். மேல்பக்கத்தை எப்படிச் செதுக்குவது என்பதற்கு அளவே தரமாட்டேன். இழைக்க ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து எந்த இடம் கையை உறுத்துகிறதோ அந்த இடத்தைச் செதுக்குங்கள்.

கடல் காற்றில் பிளேடு துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் பூசலாமா?

நாளாவட்டத்தில் அது பிசுக்காகும், வாடை வரும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி துணியில் தொட்டுத் துடையுங்கள். வேலை முடிந்ததும் ஆப்பைத் தளர்த்தி வையுங்கள், கட்டைக்கு ஓய்வு. அடிப்பக்கத்துக்கு மெழுகுவர்த்தியை இரண்டு கோடு இழுத்தால் பாதி பலத்தில் ஓடும். அடிப்பக்கத்தில் எண்ணெய் வேண்டாம், இழைக்கும் பலகையில் ஒட்டிக்கொண்டு பிறகு பாலிஷ் பிடிக்காது.

வருடா வருடம் தேய்த்தால் வாய் பெரிதாகிக்கொண்டே போகுமே?

போகும். நவம்பர் மழைக்கு ஒரு தடவை, பிப்ரவரி வெயிலுக்கு ஒரு தடவை நான் அடிப்பக்கத்தை நேர்விளிம்பு வைத்துப் பார்க்கிறேன், தேவைப்பட்டால் மட்டும் நாலைந்து இழுப்பு. வாய் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் வாய்க்கு முன்னால் 6 மி.மீ. ஆழத்துக்கு ஒரு சதுரப் பள்ளம் வெட்டி, கெட்டியான மரத்தில் ஒரு துண்டை அழுத்தமாகப் பொருத்தி ஒட்டிவிடலாம். நான் ஒதுக்கி வைத்ததாகச் சொன்னேனே, அந்த முதல் கட்டைக்கு இப்போது செங்கால் துண்டு ஒன்று போட்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அதை வைத்துத்தான் பட்டர்வொர்த் பிள்ளை தன் புத்தக அலமாரிக்குப் பலகை இழைத்தாள்.